நாடியின் நடை

இதயத்தை அரபியர் 'கல்பு' என்பர். புரளுதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்த சொல் அதுவென்று மாணவர்க்குப் பல்லாண்டுகள் பாடம் சொன்னோம். ஆயினும், கலசப்பாக்கத்தில் நம் தமக்கையார் இருமுறை மயங்கி விழுந்தபோது, நோன்பின் களைப்பென்று வாளாவிருந்தோம். மூன்றாம் முறை வேலூருக்குக் கொண்டு சென்றோம். நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்க வேண்டிய நாடி 36 ஆகத் தளர்ந்திருந்தது. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குச் செல்லும் வழி தடைப்பட்டிருப்பதை மருத்துவர் இ.சி.ஜி. தாளில் காட்டினார்.

1958-இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கே முதன்முதலாகப் பேஸ்மேக்கர் உடலினுள் பொருத்தப்பட்டது. அவர் 2001 வரை வாழ்ந்தார். அத்தகைய கருவியே இன்று தமக்கையாரின் காறையெலும்பின்கீழ் அமர்ந்து துடிப்பைக் காக்கின்றது.

வேர்ச்சொல் அறிந்த நாம் அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தோமில்லை. அன்பர்களே, இல்லத்து முதியோர் மயங்கினால் நாடியை எண்ணிப் பாருங்கள். தாமதமின்றி மருத்துவரை நாடுங்கள்.