எழுதியவர்

கும்பகோணத்துக்குக் கிழக்கே, பேருந்து திரும்புகிற முனையில் அந்தக் கிளை நூலகம். மாலை ஐந்து மணி. நாளிதழ் மேசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தால் உள்ளறைக் கணினியின் திரை தெரியும். அதன் முன்னால் ஒரு பெண். கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருப்பவள். பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர்ச் செய்திகளுக்காக வாசகர் வட்டம் ஓர் இணையத்தளம் நடத்துகிறது. உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்ததை இருவரும் அதில் ஏற்றுகிறார்கள்.

மேசைமேல் ஒரு பென்டிரைவ். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாள்கள்.

முதலில் பென்டிரைவ். கோயில் குளத்தைப் பற்றிய கட்டுரை. அதை எடுத்துத் தளத்தில் ஒட்டுகிறாள். தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திரை நிறைகிறது.

“என்னம்மா இது?”

“பாமினி சார். டைப்பிங் சென்டர்ல அடிச்சிருக்காங்க.”

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழுக்குச் சொந்த இடம் கிடையாது. ஆங்கில எழுத்தின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் இருக்கைதான் தெரியும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. தமிழக அரசும் அதை 2010-ல் ஏற்றுக்கொண்டது. இன்னமும் தட்டச்சுக் கடைகளிலிருந்து பாமினி வந்துகொண்டுதான் இருக்கிறது. மாற்றியில் போட்டு எடுக்கிறாள். எடுத்ததை அப்படியே விடவில்லை. வரிவரியாக விரல் வைத்துப் படித்து, இடம் மாறிய கொம்பையும் காணாமற்போன புள்ளியையும் சரிசெய்கிறாள். இருபது நிமிடம் ஆகிறது.

அடுத்து மூன்று தாள்கள். நீல மை, உழைத்த கையின் பெரிய எழுத்து. பாசன வாய்க்கால் ஒன்றில் தூர்வாரும் வேலை பாதியில் நின்றதைப் பற்றி ஒரு விவசாயி எழுதியது. ஆசிரியர் படித்துச் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள். ஓரிடத்தில் அவர் நிற்கிறார்.

“‘கோரை மண்டிக் கெடக்கு’ன்னு எழுதியிருக்காரு. ‘அடர்ந்து வளர்ந்துள்ளது’ன்னு போட்டுடும்மா.”

அவள் தட்டவில்லை. “அவர் பேருல வரப்போவுது சார். படிச்சா அவரு பேசுற மாதிரி இருக்க வேணாமா?”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைக்கிறார். நாற்பது வருடம் சிவப்பு மையால் திருத்திய கை அது. கொஞ்ச நேரம் கழித்து, “மண்டிக் கிடக்கிறதுன்னு போடு. மண்டிங்கிறது நல்ல சொல்லுதான்” என்கிறார்.

இரண்டாம் தாளின் நடுவில் அவளே நிறுத்துகிறாள். ஒப்பந்தக்காரர் காசைத் தின்றுவிட்டார் என்று இருக்கிறது. கைப்பேசியை எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறாள்.

“பெரியப்பா, நூலகத்துலேர்ந்து பேசுறேன். காசைத் தின்னுட்டாருன்னு எழுதியிருக்கீங்களே, கையில பில்லு, ரசீது ஏதாச்சும் இருக்கா?”

“ரசீதுக்கு நான் எங்க போவேன் பாப்பா? ஊரே சொல்லுது.”

“ஊரு சொல்றத செய்தியா போட முடியாது பெரியப்பா. நீங்க கண்ணால பாத்ததச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் அமைதி. எங்கோ ஒரு மாடு கத்துகிறது.

“மிஷினு வந்துச்சு. மூணு நாளு வெட்டுனாங்க. நாலாம் நாளு லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. மதகுக்கு மேக்கால எடுத்திருக்கு, கெழக்கால எடுக்கல. எட்டு வச்சுப் பாத்தேன். எரநூத்தி நாப்பது எட்டு.”

“இது போதும் பெரியப்பா. இதுதான் செய்தி. காசு விஷயத்த எடுத்துடுறேன், சரியா?”

“ம்… எடுத்துக்க. வாய்க்கால வெட்டுனா சரி.”

குற்றச்சாட்டு இருந்த வரி போகிறது. அந்த இடத்தில் இருநூற்று நாற்பது எட்டு வந்து உட்காருகிறது. அவர் எழுதிய கடைசி வரி மாறாமல் நிற்கிறது: மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்குள் மீதியை வெட்டாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது.

படம் சேர்க்கிறாள். பெரியப்பாவின் பேரன் எடுத்தது. பெரிய படம் கிராமத்துச் சிக்னலில் திறக்காது என்று சுருக்குகிறாள். பார்வையற்றவர்களுக்குக் கணினி படித்துக் காட்டும் மாற்று உரையில் ‘வாய்க்காலில் ஆளுயரக் கோரை, பின்னால் மதகு’ என்று எழுதுகிறாள். தமிழ்த் தலைப்பு அப்படியே முகவரியானால், இணைப்பை அனுப்பும்போது ‘க’ என்ற ஓரெழுத்தே ஒன்பது குறிகளாக நீண்டுவிடக்கூடும். அதனால் ரோமன் எழுத்தில் சின்ன முகவரி ஒன்று கொடுக்கிறாள்.

கடைசியில் ‘எழுதியவர்’ பெட்டி. அதில் அவள் பெயர் இருக்கிறது. வேர்ட்பிரஸில் கட்டிய தளம். யார் உள்நுழைந்து ஏற்றுகிறாரோ அவர் பெயரைத்தான் அது தானாக எடுத்துக்கொள்ளும். அப்படியே விட்டாலும் கேட்க ஆளில்லை. அவள் பட்டியலைத் திறக்கிறாள். பெரியப்பாவின் பெயர் அதில் இல்லை.

“கணக்குத் தொடங்கணும் சார். அதுக்கு ஈமெயில் வேணும்.”

“அவருக்கு ஏதும்மா ஈமெயிலு?”

மறுபடியும் கைப்பேசி. பேரனின் மின்னஞ்சல் கிடைக்கிறது. அவருக்கு எந்தப் படி கொடுப்பது? வேர்ட்பிரஸில் வழக்கமாக ஐந்து படிகள் உண்டு. கடைசிப் படியான சந்தாதாரர் எழுத முடியாது. அந்தப் பட்டியலிலும் வரமாட்டார். அதற்கு மேலே பங்களிப்பாளர். எழுதலாம், மீளாய்வுக்கு அனுப்பலாம். தானே வெளியிட முடியாது. அந்தப் படியில் பெரியப்பாவைச் சேர்க்கிறாள். அடுத்த தடவை பேரனின் கைப்பேசியிலேயே அவர் எழுதி அனுப்பலாம். யாராவது ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் அது ஊருக்குப் போகும். கையைக் கட்டுகிற ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு அந்தக் காசு வரி வெளியே போகாமல் அவரைக் காத்ததும் இந்த இன்னொரு பார்வைதான்.

பட்டியலை மீண்டும் திறக்கிறாள். இப்போது பெயர் இருக்கிறது. அவள் பெயர் நகர்ந்து இடம் விடுகிறது.

நாற்காலியை ஆசிரியர் பக்கம் தள்ளுகிறாள். ஏற்றியவர் வெளியிடுவதில்லை, இன்னொருவர் படித்த பிறகே பொத்தான். அது அவர்கள் இருவருக்குள் இருக்கிற பழக்கம். ஆசிரியர் முன்னோட்டத்தை வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிறார். ‘மண்டி’ வரும் இடத்தில் லேசாகத் தலையசைக்கிறார். ‘வெளியிடு’ பொத்தானை அழுத்துகிறார்.

நூலகர் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்குகிறார். அவள் மூன்று தாள்களையும் ஒன்றாக மடித்து, தேதி போட்டு, கோப்பில் வைக்கிறாள். நான் நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுகிறேன்.

உறுப்பினர்களின் எழுத்தை எங்கெங்கோ இப்படி ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், சான்றில்லாததை அவரிடம் கேட்டு நீக்குங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தச் சின்னப் பெட்டியையும் ஒரு தடவை பாருங்கள். எழுதியவர் இடத்தில் எழுதியவரே இருக்க வேண்டும்.