பூமிக்கு நாடி பார்த்த கதை

என் தாய்மாமனுக்கு வயலில் ஜலம் நிற்காவிட்டால் மனசு நிற்காது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் அவர் பயிரிடும் நிலத்தில், நட்ட நாள் முதல் அறுப்புக்குச் சற்று முன்பு வரையில் கணுக்கால் அளவு தண்ணீர் தளும்பிக் கொண்டிருக்க வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது முதல் காவேரியை நம்பியிருந்த குடும்பம், இப்போது குறுவைக்கு ஆழ்குழாய்க் கிணற்றை நம்புகிறது. அந்தக் கிணற்று ஜலமோ வருஷத்துக்கு வருஷம் கீழே போய்க் கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவரிடம் போய், "மாமா, வயலை வற்ற விடுங்கள்" என்றேன். சொன்னவன் யார்? பட்டணத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன்!

பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பிய சாதனம் ஒன்றை நான் கொண்டு போயிருந்தேன். சாதனம் என்றதும் நேயர்கள் பிரமாதமாக எண்ணிவிட வேண்டாம். முழ நீளங்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். வயலில் அதைப் புதைத்து, உள்ளே அடைத்த மண்ணை எடுத்துவிட்டால், பூமிக்குள் ஜலம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று கண்ணால் காணலாம். நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு, மண்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பயிருக்குத் தாகமில்லை; அப்புறம் பாய்ச்சினால் போதும். தண்ணீரில் 30 சதவிகிதம் வரையில் மிச்சமாகும். சதா நீர் மூடிய சேற்றிலிருந்து கிளம்பி உலகத்தைச் சூடாக்கும் மீதேன் வாயுவும் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

"பூமிக்கு நாடி பிடித்துப் பார்க்கப் போகிறாயா, மாப்பிள்ளை?" என்றார் மாமா. ஆனாலும் ஒரு மா நிலத்தை என் பைத்தியத்துக்கென்று ஒதுக்கினார்.

பயிர் வாடவில்லை. மோட்டார் பல நாள் ஓய்ந்திருந்தது. விடிந்ததும் குழாய்க்குள் குச்சியை விட்டு அளந்த பிறகுதான் மாமா காப்பி குடிக்கிறார் என்று அத்தை சொன்னாள். எனக்குக் கர்வம் வந்துவிட்டது.

கர்வப்பட்டவன் ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்து போனேன். பூக்கும் பருவத்தில், ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், வயலில் ஜலம் வற்றவே கூடாது. மாமா குழாயையே பார்த்துக் கொண்டிருந்தார். ஜலம் அடிவரை இறங்கிய சமயம் மின்சாரமும் போயிற்று; மூன்று நாள் வரவில்லை. அறுத்தபோது அந்த ஒரு மாவில் பாதிக்குப் பாதி பதர்.

ஊருக்குப் போய், நஷ்டத்துக்குப் பணம் தருகிறேன் என்றேன். மாமா காதில் போட்டுக் கொள்ளவில்லை. கொட்டகையிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்து கொட்டினார். துளையிட்ட குழாய்கள், ஏழெட்டு இருக்கும்.

"மற்ற நாளெல்லாம் இது பார்த்துக் கொள்ளட்டும். பூக்கிற நாளை நான் பார்த்துக் கொள்கிறேன். நீ பேசாமல் சாப்பிட வா" என்றார்.