பலகைமேல் ஓர் இருப்புப்பாதை

மும்பை வாழ் தமிழருள் புகைவண்டியை அறியாதார் எவர்? நம் முன்னோரை ஊரிலிருந்து இங்குக் கொண்டுவந்து சேர்த்தது அதுவே. நாள்தோறும் நம்மைத் தொழிலகத்திற்கும் பள்ளிக்கும் சுமந்து செல்வதும் அதுவே. ஆயினும் அதனை நின்று நோக்கியவர் நம்மில் மிகச் சிலரே. நெருக்கி ஏறுகிறோம், நெருக்குண்டு நிற்கிறோம், இறங்கி வழி பார்த்துப் போகிறோம். இத்தகைய நகரில், புகைவண்டியை அன்புடன் கூர்ந்து நோக்கி, அதனைச் சிறுவடிவில் பலகைமேல் அமைத்து ஓடவிடும் பொழுதுபோக்குக் கலை ஒன்று உண்டு. அக்கலையைக் காண்பதற்காக நாம் மேற்கொண்ட சிறு பயணத்தையும், அதன் பயனாய் நம் சுனாபட்டியிலேயே கண்ட ஒரு காட்சியையும் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சுண்ணாம்புக் காளவாயின் ஊர்

சுனாபட்டி என்னும் பெயர் பட்டி என முடிவதால், புதிதாய் வருவோர் இதனை நம் நாட்டுக் கோவில்பட்டி, உசிலம்பட்டி போன்றதோர் ஊர் என எண்ணுவதுண்டு. மராத்தியில் ‘சுனா’ என்பது சுண்ணாம்பு. ‘பட்டி’ என்பது சூளை. சுண்ணாம்புக் காளவாய் என்பதே இதன் பொருள். துறைமுக வழித் தடத்தில் குருதேக் பகதூர் நகருக்கும் குர்லாவுக்கும் இடையே அமைந்த சிறு நிலையம் இது. குருதேக் பகதூர் நகரைப் பழைய பெயரால் கோலிவாடா என்றே வழங்கும் பெரியோர் இன்றும் உளர்.

நிலையம் சிறிதாயினும் அதன் தடம் சிறியதன்று. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், இந்திய நாட்டின் முதல் மின்சாரப் புகைவண்டி விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லா வரை ஓடியது இத்துறைமுக வழியில்தான். அன்று பாய்ச்சப்பட்ட 1,500 வோல்ட் நேர்மின்சாரம் 2016-இல் முற்றிலும் விலக்கப்பட்டு, 25,000 வோல்ட் மாறுமின்சாரம் அதனிடத்தைப் பெற்றது. அருகிலுள்ள லோகமான்ய திலகர் முனையத்திலிருந்து கோவைக்கு வண்டி புறப்படுகிறது. ஊருக்குச் செல்லும் வண்டியின் ஊதலை வீட்டிலிருந்தே கேட்கும் பேறு இவ்வட்டாரத் தமிழருக்கு உண்டு.

போர் காட் ஏற்றம்

நாம் காண விரும்பியது பூனா நகரின் கோத்ருட் பகுதியிலுள்ள ஜோஷி சிற்றிருப்புப்பாதைக் காட்சிசாலை. மும்பையிலிருந்து பூனா 192 கிலோமீட்டர். விடியலில் தாதரில் வண்டியேறினோம். கர்ஜத்தில் வண்டி நின்றதும் பயணிகள் வடை வாங்க இறங்கினர். நாமோ வண்டியின் பின்புறம் நோக்கி நடந்தோம். மலையேற்றத்திற்காகப் பின்னால் பூட்டப்படும் உந்து எஞ்சின்களைக் காண்பதே நம் நோக்கம். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் நிற்பவை தள்ள, வண்டி மெல்ல மலையேறுகிறது.

இம்மலைப்பாதை 1863-இல் திறக்கப்பட்டது. 37 அடி சென்றால் ஓர் அடி உயரும் ஏற்றம்; 25 குகைவழிகள். ஒப்பந்தக்காரரான சாலமன் டிரெட்வெல் 1859-இல் வந்து சின்னாளில் மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தம் பெயரில் ஏற்று, பொறியாளரைக் கொண்டு வேலையை நிறைவேற்றினார். காலராவிலும் விபத்திலும் மாண்ட தொழிலாளரோ பற்பலர். அவர்தம் பெயர்களை எடுத்துச் சொல்வாரில்லை. 1871-இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இணைந்தன. அதன்பின் சென்னையிலிருந்து நேர்வழியே வந்த தமிழர் ஒவ்வொருவரும் இக்குகைகளினூடே இறங்கித்தான் மும்பையை அடைந்தனர். இப்பாதைக்கு நாம் கடன்பட்டவர்கள்.

கோத்ருட்டில் கண்டது

சௌதாமினி என்னும் கருவித் தொழிலகத்தை நடத்திய பி. எஸ். ஜோஷி என்பார், இளமை முதல் கொண்ட பற்றினால் அமைத்த காட்சிசாலை இது. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு கூடத்தின் நடுவே ஒரு நகரமே விரிந்து கிடக்கிறது. நீராவி வண்டியும், விரைவு வண்டியும், மலையேறும் பல்சக்கர வண்டியும், மேலிருந்து தொங்கியபடியே செல்லும் வண்டியும் ஒன்றையொன்று மோதாமல் சுற்றி வருகின்றன. கைகாட்டி விளக்குகள் நிறம் மாறுகின்றன. சர்க்கஸ் கூடாரமும், வண்டியிலிருந்தே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கும் உள்ளன. கூடத்தின் விளக்குகள் மங்கியதும் சிறு வீடுகளில் விளக்கேறுகின்றன; நம்முடன் வந்திருந்த பிள்ளைகள் மூச்சடங்கி நின்றனர்.

இக்காட்சியில் யாவும் உண்மையில் 87-இல் ஒரு பங்கு அளவின. இவ்வளவை உலகெங்கும் ஹெச்.ஓ. என வழங்குவர். ‘ஓ’ என்னும் பழைய அளவில் ஏறக்குறையப் பாதி என்பது இதன் பொருள். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தைக் காட்டியது. இங்கிலாந்தின் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் தம் வண்டிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 2001-இல் ஹாம்பர்க்கில் திறக்கப்பட்ட சிற்றுலகக் காட்சி இன்று உலகப் புகழ் பெற்றது. செல்வ நாடுகளின் விளையாட்டென்று நாம் எண்ணியிருந்த ஒன்று, பூனாவில் ஒருவர் வீட்டுப் பற்றாய் வளர்ந்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.

அகலத்தின் சிக்கல்

ஆனால் நம் நாட்டு வண்டியை இவ்வாறு அமைக்கப் புகுவோர்க்கு ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய இருப்புப்பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்காக்கினால் 16.5 மில்லிமீட்டர், கடையில் கிடைப்பது இத்தண்டவாளமே. நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரவேண்டும். ஆகவே நம் வண்டியை அயல் தண்டவாளத்தில் ஏற்றினால் மெலிந்த கால்மேல் பருத்த உடல் நிற்பதுபோல் தோன்றும். பெரும்பாலோர் அக்குறையைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

நீளத்தின் சிக்கல் இன்னும் பெரிது. சுனாபட்டியில் நிற்கும் 12 பெட்டி உள்ளூர் வண்டியை ஹெச்.ஓ. அளவில் செய்தால், வண்டி மட்டுமே ஏறக்குறைய 3 மீட்டர் நீளும். மும்பையில் 3 மீட்டர் என்பது பலர்க்கு ஓர் அறையின் நீளம்! ஆகவே எதைச் சுருக்குவது, எதை விடுவது, எதை விடவே கூடாது என்று தெரிந்து கொள்வதே இக்கலையின் உயிர்நிலை எனலாம்.

சுனாபட்டியில் ஒரு சேரன்மகாதேவி

பூனாவிலிருந்து திரும்பியபின் இதனைச் சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் அன்பர், “அண்ணாச்சி வீட்டுப் பலகையை நீங்கள் பார்த்ததில்லையா?” என்றார். நம் பகுதியிலேயே வாழும் முதியவர் ஒருவர். மாட்டுங்காவிலுள்ள ரயில்வே பணிமனையில் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். நெல்லைச் சீமையினர். அவர் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய பலகை கீல் வைத்து மடக்கப்பட்டிருந்தது. மாலையில் அதனை இறக்கிக் கால் கொடுத்து நிறுத்தினார். அதன்மேல் இருந்தது சேரன்மகாதேவி நிலையம்.

1904-இல் திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைத்து முழுமை பெற்ற மீட்டர்பாதை தென்காசி, செங்கோட்டை வழியே சென்றது. ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் பதின்மூன்று கண் பாலம். திருநெல்வேலி – தென்காசிப் பகுதி 2012-இல் அகலப்பாதையாய்த் திறக்கப்பட்டது. மலைப்பகுதியும் 2018-இல் அவ்வாறே ஆயிற்று. நேரே ஊருக்குச் செல்லும் வண்டி கிடைத்தது பெரும் நன்மை, அதில் ஐயமில்லை. ஆயினும் டோக்கன் வளையத்தை ஓட்டுநர் கைநீட்டி வாங்கும் காட்சியும், கைகாட்டி மரம் இறங்கும் ஓசையும் மறைந்தன. அவற்றைத் தம் பேர்த்தி காணவேண்டும் என்பதே முதியவரின் ஆசை.

அவர் கொண்ட அளவு 120-இல் ஒரு பங்கு. 1,000 மில்லிமீட்டர் மீட்டர்பாதை அவ்வளவில் 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஜப்பானியர் சிறு வண்டிகளுக்கெனச் செய்யும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. எஞ்சினின் அடிப்பாகத்தை மட்டும் விலைக்கு வாங்கி, மேற்கூட்டை அட்டையால் தாமே செய்து ஒய்.பி. வகை நீராவி எஞ்சின் ஆக்கியிருக்கிறார். பெட்டிகள் யாவும் அட்டையே; ஒவ்வொன்றும் 16 சென்டிமீட்டர்.

நினைவிலிருந்து கட்டுவதில் இடர்ப்பாடுகள் இருந்தன. நிலைய வாயிலில் நின்றது வேம்பா, புங்கையா? தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம்? ஊரிலுள்ள தமக்கையாரைக் கேட்டால் ஒன்று சொல்கிறார். மைத்துனர் வேறொன்று சொல்கிறார். இக்கேள்விகளால், ஆண்டுக்கணக்கில் பேச்சற்றிருந்த உறவினர் சிலர் மீண்டும் தொலைபேசியில் பேசத் தொடங்கினர் என்றார். மகனாரோ, அவ்விடத்தில் பிள்ளைக்குப் படிப்பு மேசை வேண்டும் என்று முதலில் மறுத்திருக்கிறார். நியாயமான மறுப்பே. பகலில் பலகை சுவரில் மடங்கவேண்டும், தேர்வுக் காலத்தில் இறங்கவே கூடாது என்று உடன்பாடாயிற்று. கீலைப் பொருத்தியவர் மகனாரே!

தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

முதியவரிடம் கேட்டறிந்தவற்றை ஈண்டுத் தருகிறோம். இடம் குறைந்த வீட்டிற்கு 9 மில்லிமீட்டர் தண்டவாளமே ஏற்றது. 180 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒட்டுப்பலகை போதும். அடியில் சட்டம் அடித்துக்கொள்க. சட்டமின்றேல் மழைக்காலத்தில் பலகை வளையும்.

முதலில் ஒரு நீள்வட்டப் பாதை மட்டும் அமைத்து ஒரு திங்கள் ஓட்டிப் பார்க்கவேண்டும். வண்டி எங்கே தடுமாறுகிறது, எந்த இணைப்பில் மின்சாரம் தடைப்படுகிறது என்று அறிந்தபின்னரே அடுத்த வேலை. அதன்பின் நிலையத்தில் ஒரு கிளைப்பாதை. அப்போதுதான் ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, மற்றொன்று கடக்க இயலும். பிறகு கைகாட்டிகள். மலையும் மரமும் கடைசியில்தான். அழகை முதலில் செய்துவிட்டால், பழுது நீக்கும்போது அழகைத் தோண்ட நேரும்.

மின்சாரம் 12 வோல்ட் நேர்மின்சாரமே. அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் வண்டி பின்செல்லும். பாதை திரும்பி வந்து தன்னையே சேரும் வளையம் அமைப்போர் கவனமாயிருத்தல் வேண்டும்; இரு முனைகளும் அங்கே மோதிக்கொள்ளும். அவ்வளையத்தைத் தனித் துண்டாகப் பிரித்து, அதற்கெனத் தனி மாற்றுவிசை வைக்கவேண்டும். ஏற்றம் நூற்றுக்கு மூன்றைத் தாண்டலாகாது. போர் காட் ஏற்றமும் ஏறக்குறைய அவ்வளவே! உண்மை வண்டிக்கு இயற்கை விதித்த எல்லையைச் சிறுவண்டியும் மீற இயலாமை வியத்தற்குரியது.

காட்சிப் பொருள்களுக்குக் கடைக்கு ஓடவேண்டியதில்லை. பழைய செய்தித்தாளைப் பசையில் நனைத்து அடுக்கினால் குன்று. உலர்ந்த தேயிலைத் தூள் செம்மண். பீர்க்கங்காய்க் கூட்டைப் பிய்த்துச் சாயமேற்றினால் மரத்தழை. தேங்காய் நார் புல். மும்பையின் ஈரக்காற்றில் தண்டவாளம் விரைவில் கறுக்கும். வாரம் ஒருமுறை சாராயச் சத்துத் தோய்த்த துணியால் துடைத்தல் இன்றியமையாதது. மணல்தாளால் தேய்ப்பது தீது. கீறல்களில் அழுக்கு மேலும் சேரும்.

பேர்த்தியின் திருத்தம்

அண்ணாச்சியின் பலகையில் நிலையம் இருந்தது, வண்டி இருந்தது, மனிதர் இல்லை. பத்து வயதுப் பேர்த்தி ஒருநாள், “தாத்தா, இந்த ஸ்டேஷனில் ஏன் ஒருவரும் இல்லை? எல்லாரும் பம்பாய்க்கு வந்துவிட்டார்களா?” என்று கேட்டாளாம். அவர் அன்று விடை கூறவில்லை. மறுநாள் முதல் இருவரும் தீக்குச்சியிலும் மெழுகிலும் மனிதர் செய்யலாயினர். தலைச்சுமையுடன் ஒரு பெண். பச்சைக் கொடியுடன் நிலையத் தலைவர். தகரப் பெட்டியின்மேல் அமர்ந்து வண்டிக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞன். அவ்விளைஞன் யார் என்று நாம் கேட்கவில்லை. பேர்த்தியே சுட்டிக்காட்டிச் சொன்னாள்.

பெரிய காட்சிசாலைகளுக்கும் இத்தகைய வீட்டுப் பலகைக்கும் உள்ள வேற்றுமை இதுவென நாம் கருதுகிறோம். கோத்ருட்டில் கண்டது ஒருவரின் கைத்திறனும் பொறுமையும். அதனைக் குடும்பத்துடன் சென்று காணுதல் தகும். சென்னைக்குச் செல்வோர், 1955-இல் தொடங்கிய பெட்டித் தொழிலகத்தின் சார்பில் 2002-இல் திறக்கப்பட்ட பெரம்பூர்ப் பகுதி ரயில் காட்சிசாலையில் மெய்யான பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் காணலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் சென்ற பல்சக்கரப் பாதையில் இன்றும் பயணம் செய்யலாம். ஆனால் நம் தாத்தா எந்த நிலையத்தில், எந்தப் பெட்டியுடன், எந்த மரத்தடியில் காத்திருந்தார் என்பதை எந்தக் காட்சிசாலையும் வைத்திருக்காது.

விருதுநகரோ, விழுப்புரமோ, ஆம்பூரோ, அரக்கோணமோ, நம் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு நிலையம் உண்டு. ஓர் அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டு அதன் முகப்பை மட்டுமாவது பிள்ளைகளுடன் அமர்ந்து செய்யத் தொடங்கலாம். வீட்டுப் பெரியோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நன்று. மரம் எந்தப் பக்கம் நின்றது என்பதை அவர்களேயன்றி வேறு யார் சொல்லக்கூடும்?