கண்டுபிடித்ததற்கு என்ன கூலி?

பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போகிற சாலையில் விடியற்காலையில் நின்றால் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். பின்னால் இரண்டு கிரேட், கால் வைக்கிற இடத்தில் ஒரு கிரேட், அதற்கு இருபுறமும் முழங்காலை விரித்தபடி ஒரு விவசாயி. "மார்கழி, தை வந்துட்டா இதுல பாதி வண்டி கெளம்பாது. எங்க மெக்கானிக் கடையில போய் உக்காந்து பாருங்க" என்று தர்மபுரியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் சொல்லி அனுப்பினார்.

கடை என்பது தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு. தரையில் பல வருட ஆயில் ஊறி மண்ணே கறுத்திருக்கிறது. மெக்கானிக்குக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பத்தாவதில் தவறியதும் ஓசூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தவர். முதல் இரண்டு வருடம் கையில் ஸ்பானரே கிடைக்கவில்லையாம். மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவதும் டீ வாங்கி வருவதும்தான் வேலை. "கழுவிக் கழுவியே எது எங்க தேயும்னு தெரிஞ்சுபோச்சு சார்."

எக்ஸ்எல் இந்த வட்டாரத்துக்குப் பிறந்த வீட்டுப் பிள்ளை. 1980இல் இரண்டு பேர் உட்காரும் மொபெட்டாக அதன் முன்னோடியான டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து வெளிவந்தபோது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அந்தப் பக்கம் போய்விட்டது. வண்டிகள் இங்கேயே தங்கிவிட்டன.

நான் போயிருந்தபோது ஒரு பெரியவர் பழைய எக்ஸ்எல் சூப்பரைத் தள்ளிக்கொண்டு வந்தார். டூ ஸ்ட்ரோக் வண்டி. கிரேட்டுகளை வேறொருவர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். ஏலத்துக்குப் பிந்திப்போன எரிச்சல் முகத்தில் இருந்தது.

"காலையில மட்டும் இப்படியாண்ணா? டீக்கடையில நிறுத்திட்டு எடுத்தாலும் படுத்துதா?"

"காலையில மட்டுந்தாம்பா. மிதிச்சு மிதிச்சு இடுப்பு போவுது. ஒருவாட்டி புடிச்சிட்டா பொழுதுக்கும் ஓடுது."

மெக்கானிக் கிக்கரை இன்னும் தொடவில்லை. விசாரணையிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பார். சூடான பிறகு நின்றுபோய், ஆறினால் மறுபடி கிளம்பினால் காயில்மேல் சந்தேகம். காலைக் குளிரில் மட்டும் மக்கர் என்றால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அதற்குத்தான் சோக். கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட் பாதி அடைத்திருந்தால் சூட்டில் சமாளித்துவிடும், குளிரில் கைவிட்டுவிடும்.

பிளக்கைக் கழற்றினார். முனை காய்ந்திருந்தது. கேப்பை மாட்டி, பிளக்கை இன்ஜின் உடம்பில் பட வைத்து மிதித்தார். நீலப் பொறி தெறித்தது. "கரண்ட் இருக்கு, பெட்ரோல்தான் வரல." இத்தனை நேரம் மிதித்தும் பிளக் நனையாததுதான் சாட்சி. நனைந்திருந்தால் கதை வேறு. அடுத்து மேக்னட் பக்கத்திலும் ஏதோ சரிபார்த்தார். எனக்கு அது விளங்கவில்லை, கேட்கவும் பொறுமை இல்லை.

கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டியபோதுதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது. பெட்ரோலுக்கு அடியில் துரு மண்டி. அதன் மேல் ஒரு துளி தண்ணீர், பெட்ரோலோடு சேராமல், கண்ணாடிக் கோலி போல இப்படியும் அப்படியும் உருண்டது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். 2030க்கு வைத்திருந்த 20 சதவீதக் கலப்பு இலக்கை 2025க்கே முன்னுக்கு இழுத்தார்கள். இந்த வண்டி செய்யப்பட்ட காலத்தில் இப்படியொரு பெட்ரோலை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கரும்பு விவசாயிக்கு நல்லது என்கிறார்கள். தக்காளி விவசாயியின் இடுப்பைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

பிறகு ஜெட். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் துண்டு. வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், எனக்கும் காட்டினார். துளை தெரியவில்லை. பிரேக் கேபிளில் ஒரு கம்பியைப் பிரித்து இதைக் குத்துவதுதான் பல கடைகளில் வழக்கம். இவர் அதற்குப் பரம எதிரி. பித்தளை மெத்தென்ற உலோகம், இரும்புக் கம்பி துளையை அகட்டிவிடும், அப்புறம் வண்டி காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும். ஓசூர்க் குரு கம்பியோடு பிடிபட்டவனைக் கையிலேயே போடுவாராம். இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது தூண்டில் நரம்பு. ஒகேனக்கலில் மீன் பிடிக்கிற சொந்தக்காரர் கொடுத்த நைலான் துண்டு. அதை நுழைத்து மெல்ல உருட்டினார், வாயால் ஊதினார், மறுபடி வானத்தைப் பார்த்தார். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வந்தது. டேங்கையும் டேப்பையும் கழுவிவிட்டு மாட்டினார். சோக்கை இழுத்து மிதித்தார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. சாய்ப்பு முழுக்க வெள்ளைப் புகை.

"எவ்வளவுப்பா?"

"நூத்தம்பது குடுங்கண்ணா."

"சாமானே ஒண்ணும் மாத்தலியே, எதுக்கு நூத்தம்பது?"

எழுபதில் முடிந்தது. இந்தக் கேள்வியில்தான் இந்தத் தொழிலின் சாபம் இருக்கிறது. இதே வண்டிக்குப் புது பிளக், புது காயில், புது கார்பரேட்டர் என்று மாட்டி ஆயிரத்தைத் தாண்டி பில் போட்டிருந்தால் பெரியவர் முனகிக்கொண்டே கொடுத்திருப்பார். அதில் பெரும்பகுதி மெக்கானிக்குக்கும் வராது, ஸ்பேர்ஸ் மொத்த வியாபாரிக்குத்தான் போகும். எதை மாட்டினாலும் கமிஷன் தருகிறோம் என்று அந்த வியாபாரிகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். கம்பெனி டப்பாவில் டூப்ளிகேட் சாமான் வருகிறது. பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் ஏமாளி, கழற்றி மாட்டத் தெரிந்தவன் பிழைக்கத் தெரிந்தவன் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். மண்டியில் தன் விளைச்சலுக்கு அடுத்தவன் விலை சொல்வதைப் பொறுத்துக்கொள்கிற விவசாயி, தன்னைப் போன்ற இன்னொரு உழைப்பாளியிடம் மட்டும் எண்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறார். இடைத்தரகன் இரண்டு பேரிடமும் எடுத்துக்கொண்டு போகிறான்.

மெக்கானிக்குக்கு என் கோபம் இல்லை. அவர் கவலை மூலையில் நின்ற எக்ஸ்எல் 100 பற்றியது. ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 2015இல் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 கட்டாயமானதும் கார்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. இதில் தூண்டில் நரம்புக்கு வேலை இல்லை. மிஷினை மாட்டித்தான் பழுதைப் படிக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் அதற்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்களாம். "அங்க யாரும் சாமான் என்ன மாத்துனேன்னு கேக்கறதில்ல சார். பில்லுல அச்சடிச்சிருக்கு, குடுத்துட்டு வந்துடறாங்க."

அதனால் இவரும் தர்மபுரியில் ஒரு பில் புக் அச்சடித்து வாங்கி வந்திருக்கிறார். முதல் வரியிலேயே 'பழுது பார்வைக் கூலி ரூ.50' என்று இருக்கிறது. பெரியவரிடம் அதை நீட்ட மனசு வரவில்லையாம். மற்றவர்கள்? பலர் பேசாமல் கொடுத்துவிட்டார்கள். பார்த்ததற்கெல்லாம் காசா என்று சண்டைக்கு வந்தவர் இதுவரை ஒருவர்தான். மண்டியில் கமிஷன் கடை வைத்திருப்பவர்.