நீளும் கை

சவ்வாது மலையில் ‘டெலஸ்கோப்’ என்ற சொல் காதில் விழுந்தால் மனம் காவலூருக்குத்தான் போகும். 1986 முதல் அங்கிருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அத்தனை புகழ் பெற்றது. சென்ற மாதம் ஜமுனாமரத்தூரில் பேருந்துக்குக் காத்திருந்தபோது பழைய மாணவன் ஒருவன் எதிர்ப்பட்டு, “சென்னையில் டெலஸ்கோப் வண்டி ஓட்டினேன் ஐயா” என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இளங்கலைத் தமிழை இரண்டாம் ஆண்டிலேயே கைவிட்டுப் போனவன் அவன். அன்று நான் கடிந்துகொண்டது எனக்கு நினைவிருந்தது, அவனுக்கும் இருந்திருக்கும். தேநீர்க் கடையில் அமர்ந்து பொறுமையாக விளக்கினான்.

கிடங்குகளில் காணும் ஃபோர்க்லிஃப்ட் சுமையை நேர்மேலே ஏற்றும். அதற்குச் சமதளம் வேண்டும். இவ்வண்டியிலோ பின்புறம் கீல் பூட்டிய இரும்புக் கை ஒன்று. அதனுள் செருகிய இன்னொரு கை. ஹைட்ராலிக் உருளை தள்ளினால், குழாய்க்குள் குழாயாக அடங்கும் பழைய கைத் தொலைநோக்கியைப் போல அது நீளும். பெயர்க் காரணம் இதுவே. மேலே மட்டுமன்றி முன்னேயும் எட்டுவதால், பள்ளத்துக்கு இப்பால் நின்றபடி செங்கல் அடுக்கை மாடியில் இறக்கலாம்; பண்ணையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கலாம். நான்கு சக்கரங்களும் திரும்பும் என்பதால் நண்டு போலச் சாய்வாகவும் நகரும். நம்மூரில் மண் அள்ளும் வண்டிக்கே பெயராகிவிட்ட ஜேசிபி நிறுவனம் 1977இல் இவ்வகை வண்டியை வெளியிட்டது. அதன் 530-70 என்ற எண் 3 டன், 7 மீட்டர் என்பதன் சுருக்கமாம்.

“ஆனால் கையை முன்னே நீட்டினால் அந்த 3 டன் செல்லாது ஐயா” என்று, தேநீர்க் குவளையை என்னிடம் தந்து கையை நீட்டச் சொன்னான். சற்று நேரத்தில் தோள் கனத்தது. முன்சக்கரம்தான் தாங்குபுள்ளி, பின்னாலுள்ள எடைதான் வண்டி கவிழாமல் பிடித்திருக்கிறது. சுமையின் தூரம் இருமடங்கானால் தூக்கும் திறன் பாதியாகும். கையின் எடையும் முன்னே நகர்வதால் அதற்கும் கீழே போகும். தரை சரிந்திருந்தால் ஆபத்து இன்னும் மிகுதி. எந்த நீளத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை ஓட்டுநர் இருக்கையருகே இருக்கும்.

“பிறகு ஏன் ஊருக்கு வந்துவிட்டாய்?”

மழையில் இளகிய தரையில், கம்பிக் கட்டைத் தூரத்தில் இறக்கச் சொன்னார்களாம். அட்டவணை இடம் தரவில்லை. கீழே ஆட்கள் வேறு நின்றிருந்தார்கள். முடியாது என்றிருக்கிறான். மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். “வேறு இடம் கிடைக்கும் ஐயா” என்றான், தேநீருக்குக் காசு கொடுத்தபடி.

படிக்காமல் போகிறாயே என்று அன்று அவனைக் கடிந்தவன் நான். அந்த அட்டவணையை அவன் படித்த அளவுக்கு எதையும் நான் அண்மையில் படித்ததில்லை. பேருந்து வந்துவிட்டதால் இதை அவனிடம் சொல்ல முடியாமற் போயிற்று.