என் கால் மேல் போட்ட பழி



"சார், கார் ஓட்டறதை விட்டுட்டீங்களா?" என்று பலர் கேட்டீர்கள். விடத்தான் இருந்தேன்.

சித்திரையில் பேத்தியோடு ஏற்காடு போய்த் திரும்பினோம். சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில்தான் இறங்கினேன். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததில் கொஞ்சம் கனம். அதற்கடுத்ததில் பெடல் கல்லாகிவிட்டது. இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து மிதித்தேன். மேலே ஏறி வந்த பேருந்துக்கு இரண்டு முழம் தள்ளி வண்டி நின்றது. பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. 71 வயது, மூட்டுவலி, கால் வலு போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பெடல் கனம் சில மாதங்களாகவே இருந்தது. சொன்னால் சாவியை வாங்கி வைத்துவிடுவார்களே!

விற்றுவிடலாம் என்று விலை கேட்க, நம் பள்ளியில் படித்த மெக்கானிக் ஒருவனிடம் போனேன். (பெயர் போடக்கூடாது என்று உத்தரவு.) இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதிக்கச் சொன்னான். பிறகு காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யச் சொன்னான். பெடல் உடனே சற்றுக் கீழே இறங்க வேண்டுமாம். அசையவில்லை.

"உங்க காலுக்கு ஒண்ணும் இல்ல சார். வேக்கம் பம்ப் தேஞ்சிடுச்சு."

குதிரைகள் இழுத்தும் பிரியாத மக்டபர்க் அரைக்கோளங்களை எத்தனை வருடம் உங்களுக்கு நடத்தியிருப்பேன்! பிரேக் பூஸ்டரிலும் அதே காற்றழுத்தம்தான். உள்ளே ஒரு தட்டு. ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. 8 அங்குலத் தட்டு என்றால், முக்கால் வெற்றிடத்திலேயே 200 கிலோவுக்கு மேல் காற்று நமக்காகத் தள்ளும். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போதே அந்த வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலுக்குத் தனி பம்ப் வேண்டும். என் வண்டியில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன பிளேடுகள் தேய்ந்ததால், ஒருமுறை மிதித்த பின் மறுபடி வெற்றிடம் சேர நேரமாகியிருக்கிறது. ஊருக்குள் அது தெரியாது. மலையில் அடுத்தடுத்து மிதிக்கும்போது காட்டிக் கொடுத்துவிட்டது.

புது பம்ப், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த ஸ்டார்ட் சோதனையை இன்றே செய்து பாருங்கள்.

போன ஞாயிறு மறுபடி ஏற்காடு. பேத்தியை ஏற்றவில்லை, மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டேன். 20 வளைவும் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது.

அந்தப் பேருந்து விஷயம் மகனுக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்துவிட்டு இன்றிரவு போன் செய்வான்.