பேய் முட்டை

உணவு பற்றிய வழக்கங்களைப் போல மனித மனத்தில் ஆழ வேரூன்றியவை வேறில்லை என்பது என் அநுபவம். உடையை மாற்றிக்கொள்கிறோம், பேசும் மொழியைக்கூட மாற்றிக்கொள்கிறோம். ஆனால், எந்தப் பாத்திரத்தில் எது சமைக்கப்பட வேண்டும் என்ற விதியிலே கை வைத்தால் வீடு இரண்டுபட்டுவிடும். சென்ற ஆண்டு யூலை மாதத்தில் ஓர் அமெரிக்கச் சிற்றுண்டி எங்கள் வீட்டை ஏறக்குறைய அந்த நிலைக்குக் கொண்டுவந்தது. குற்றம் சிற்றுண்டியின்மேல் அன்று, என்மேல்தான். இருபது ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வரும் நான், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் பாடங் கேட்க நேர்ந்த கதை இது.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் உள்ளது. என் மாமியாருக்கு வயது 78. பிறந்த நாள் முதல் மச்சம் தீண்டாதவர். முட்டையும் அவருக்கு மச்சமே. ஆயினும், தம் விரதத்தைப் பிறர்மேல் சுமத்தியவரல்லர். என் மாமனார் முட்டை உண்பவர். அவர் காலந்தொட்டே அதற்கெனப் பின்விறாந்தையில் ஓர் அடுப்பும் இரண்டு சட்டிகளும் தனியாக இருந்து வருகின்றன. உள்ளே உள்ள அடுக்களை மரக்கறிக்கு மாத்திரம் உரியது. இந்த ஏற்பாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை வந்ததில்லை.

அந்த அடுக்களைக்குள் மூன்று ஆண்டுகளுக்கு முன் எயார் பிரையர் என்னும் பொறி வந்து சேர்ந்தது. மாமியாருக்கு இரத்த அழுத்தம் கூடியதால், எண்ணெயைக் குறைக்குமாறு வைத்தியர் கூறினார். ரொறன்ரோவிலுள்ள என் மச்சாள், தாயாருக்கென அதனை வாங்கும்படி பணம் அனுப்பினார். அங்கே வாங்கி அனுப்பியிருந்தால் பயன்பட்டிராது. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, நம்முடையதோ 230. ஆதலால் கொழும்பிலே வாங்குவித்தோம்.

"காத்திலை பொரிக்கிறதாம்!" என்று மாமியார் முதலில் நகைத்தார். நானோ இரசாயனவியல் ஆசிரியை. விளக்கம் சொல்லாமல் இருக்க இயலுமா? பெட்டியின் மேற்புறத்தில் சூடேறும் கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அதனருகே விசிறி சுழல்கிறது. துளைகள் உள்ள கூடையைச் சுற்றி வெங்காற்று விரைந்து ஓடுகிறது. உண்மையில் இது சிறியதொரு போறணையே. பேர்லின் கண்காட்சியில் 2010ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனத்தார் இதனை அறிமுகஞ் செய்த பின்னரே உலகெங்கும் பரவியது. இவற்றையெல்லாம் நான் சொன்னேன். மாமியார் செவிமடுத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாதத்துக்குள் மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், பாவற்காய்ச் சீவல், வாழைக்காய்ச் சீவல் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து பொன்னிறமாக வெளிவரலாயின. எத்தனை சூடு, எத்தனை நிமிடம் என்பது யாவும் அவர் விரல்நுனியில் இருந்தது.

சென்ற யூலையில் மச்சாளின் மகள் விடுமுறைக்குத் தனியாக வந்தாள். தாய் வேலையில் விடுப்புக் கிடையாமல் பின்தங்கிவிட்டார். சிறுமிக்குத் தமிழ் கேட்டால் ஓரளவு விளங்கும், பேச நாவெழாது. அம்மம்மாவுக்கோ ஆங்கிலம் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வதோடு சரி. புட்டும் இடியப்பமும் கோப்பையில் ஆறிக் கிடந்தன. நான்கு நாள் அவள் பிஸ்கட்டும் பாலுமாகவே காலங்கழித்தாள். "என்ன வேணும், சொல்லம்மா" என்று நான் வற்புறுத்திக் கேட்டபோது, தன் கைத்தொலைபேசியில் தாய் எழுதி அனுப்பிய செய்முறை ஒன்றைக் காட்டினாள். கோடை காலத்தில் அவர்கள் பூங்காவுக்கு உணவு கட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் தாயும் மகளும் கூடிச் செய்யும் பண்டமாம் அது: மொறுமொறுப்பான டெவில்ட் எக்ஸ்.

நம் நாட்டு உணவுக் கடைகளில் கோழி டெவல், இறால் டெவல் என்று விற்பார்களே, அதுவல்ல இது. அங்கே வெங்காயமும் கறிமிளகாயும் தக்காளியும் சேர்த்து உறைப்பாக வதக்குவது டெவல். அமெரிக்க நாட்டிலோ, அவித்த முட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மஞ்சட்கருவை எடுத்து, மயோனைஸ், அரைத்த கடுகு, மிளகு முதலியன கூட்டிப் பிசைந்து, மீண்டும் வெள்ளைக்கருவின் குழியில் நிரப்புவார்கள். உயிர்த்த ஞாயிறு விருந்திலும் கோடைகால வனபோசனத்திலும் இது தவறாது இடம்பெறும். முட்டைப் பாதிகள் உருளாமல் இருப்பதற்கென்றே குழிகள் வைத்த தட்டுகள் அங்கே விற்பனையாகின்றன. காரமிட்ட பண்டத்துக்குப் 'பேய்' என்னும் பெயரை ஆங்கிலேயர் வழங்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில். நிரப்புவதற்கு முன் வெள்ளைக்கருவுக்கு மாவும் றஸ்க் தூளும் பூசி எயார் பிரையரில் முறுகவைப்பது அண்மைக் காலத்துப் புதுமை.

சிக்கல் இங்கேதான். பெட்டி ஒன்று, அது மாமியாருடையது, இருப்பதோ மரக்கறி அடுக்களையில். அன்றியும், நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் ஒருவரும் மச்சம் தொடுவதில்லை. மாமியாரிடம் கேட்டால் மறுப்பார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ஆகவே, கேளாமலே காரியத்தை முடிப்பதென்று துணிந்தேன். மறுநாள் பிரதோஷம். மாலையில் அவர் கோயிலுக்குச் சென்றால் திரும்ப இரண்டு மணி நேரமாகும். பிரதோஷத்தன்று அடுக்களைக்குள் முட்டை கொண்டுபோவது எத்தகையது என்பதை நான் அறியாதவளல்ல. அவர் நெடுநேரம் வெளியே இருப்பார் என்பதே அப்பொழுது எனக்கு முக்கியமாகப் பட்டது.

திருட்டு வேலைக்கு ஏற்றபடியே எல்லாம் நடந்தது. அன்று காலை இட்ட ஊர்முட்டைகளை அயல்வீட்டில் வாங்கியிருந்தேன். புதிய முட்டையை அவித்தால் கோது இலகுவில் உரியாது; வெள்ளைக்கருவிலுள்ள கரியமில வாயு சில நாட்களில் வெளியேறிய பின்னரே சவ்வின் பிடி தளரும். வகுப்பில் சொல்லக்கூடிய இந்தச் செய்தி அடுக்களையில் நினைவுக்கு வரவில்லை. ஆறு முட்டைகளில் மூன்று அம்மைத் தழும்பு கண்ட முகம்போல ஆயின. அவசரத்தில் வெகுநேரம் கொதிக்கவிட்டதால், வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் கூடி, கருவைச் சுற்றிப் பச்சை வளையம் படிந்தது. செய்முறையில் 400 பாகை என்றிருந்தது. பெட்டியிலோ 200க்கு மேல் இல்லை. கனடாவில் போறணைச் சூட்டை இன்னும் பரனைட்டிலேயே சொல்லுகிறார்கள் என்பது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கடைசியில் வெளிவந்தவை வெளிறிப்போய், மாப் பூசிய முகங்களாய் இருந்தன. தூளிற் பாதி விசிறிக் காற்றில் பறந்து கூடைக்கு அடியில் கிடந்தது.

அந்த வேளையில் படலை திறக்கும் சத்தம் கேட்டது. அன்று ஏதோ காரணத்தால் பூசை நேரத்தோடு முடிந்துவிட்டது. மாமியார் அடுக்களை வாயிலில் நின்று, "என்ன பிள்ளை மணக்குது?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை மாமி, பிள்ளைக்குப் பாண் வாட்டினனான்" என்றேன்.

என் பக்கத்தில் நின்ற சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, வந்த நாள் தொடக்கம் அம்மம்மாவோடு ஒரு வாக்கியமும் பேசாத அந்தப் பிள்ளை, தெளிவாகச் சொன்னாள்: "இல்லை அம்மம்மா. முட்டை."

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் மறுபடி தலைமுழுகி வந்து விளக்கேற்றினார். இரவு ஒரு தம்ளர் பாலோடு படுத்துவிட்டார். நான் கல்லூரியில் பரீட்சைத் தாள்களில் பொய்யைக் கண்டுபிடித்துக் கண்டித்த சந்தர்ப்பங்கள் அன்றிரவு ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து நின்றன.

விடிந்ததும் அவரே என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, குழந்தை கேட்டதைச் செய்து குடுத்தது பிழையில்லை. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், பெட்டியைப் பின்விறாந்தைக்குக் கொண்டுபோ எண்டு நானே சொல்லியிருப்பன். கேளாமல், பேரப்பிள்ளைக்குச் சாப்பாடு மறுக்கிற மனிசியாய் என்னை ஆக்கிப்போட்டியே!"

இதற்கு என்ன விடை சொல்வது? அவர் மனத்தை நோகச் செய்தது முட்டையன்று. அவர் இன்னவர் என்று நானே ஒரு முடிவு கட்டி, அம்முடிவை அவரிடம் மறைத்து நடந்துகொண்டதுதான். வணங்கி மன்னிப்புக் கேட்டேன். "பெட்டி இனி உங்களுக்கு. எனக்கு என்ரை தாச்சி இருக்குது" என்று கூறி, அன்றே பெட்டியைப் பின்விறாந்தைக்கு எடுப்பித்தார்.

மூன்று நாளின் பின் சிறுமி மறுபடி முயன்றாள். இம்முறை ஒரு வாரம் கழிந்த முட்டைகள். கொதிநீரில் 12 நிமிடம். உடனே குளிர்ந்த நீர். கோது வழுகிக்கொண்டு உரிந்தது. மாமியார் நாலு முழத்துக்கு அப்பால் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன பேர்?" என்றார்.

சிறுமி சிந்தித்தாள். சொல்லுக்குச் சொல் தேடி, "பேய்... முட்டை" என்றாள்.

"பேய் முட்டையோ! பேய்க்கும் முட்டைக்கும் என்னடி சம்பந்தம்?" என்று மாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். அமெரிக்காவின் சில பகுதிகளில், தேவாலயத்து விருந்துக்குக் கொண்டுபோகும்போது பேயின் பெயரைச் சொல்லக் கூசி, 'நிரப்பிய முட்டை' என்று பெயர் மாற்றி வழங்குவார்கள் என்று நான் சொன்னேன். "அப்ப அங்கையும் என்னைப்போலக் கிழவியள் இருக்கினம்" என்றார் அவர்.

அதன்பின் அவர் வாய் ஓயவில்லை. கை மாத்திரம் கிட்ட வரவில்லை. "ஈரத்தைத் துணியாலை ஒத்தி எடு. நீர் போனால்தான் நொறுங்கும். வடகத்தை ஏன் வெயிலிலை காயவைக்கிறம்?" என்றார். "தூளை வெறுமனே பூசாதை. முதல்லை ரெண்டு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறு. காத்துக்குத் தன்ரை பாட்டிலை பொரிக்கத் தெரியாது. மோர்மிளகாயிலை நான் கண்டது" என்றார். நான் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அவர் சொன்னது முற்றிலும் சரி. தூளின் ஒவ்வொரு மணியிலும் எண்ணெய் படிந்தால்தான் சூடு நன்றாகப் பற்றிச் சீராகச் சிவக்கும். கனத்தால் காற்றிலும் பறவாது. விஞ்ஞானம் படித்த எனக்குத் தோன்றாதது, முட்டையைத் தொட்டறியாத கைக்குத் தெரிந்திருந்தது. பாதிகளை முதலில் மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, பிசறிய தூளில் உருட்டி, 200 பாகையில் 7 நிமிடம் வைத்தோம். பொன்னிறம். சற்று ஆறியபின் மஞ்சட்கருக் கலவையை நிரப்பினோம். சிறுமி ஒன்றை எடுத்துக் கடித்தாள். மாமியார் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். "சரி. அப்பளச் சத்தம் வந்திட்டுது" என்றார்.

கொடியேறிய பின் அந்தப் பிள்ளை எங்களுடன் மரக்கறியே உண்டாள்; புட்டையும் கேட்டு வாங்கி உண்டாள். அவள் திரும்பிச் சென்ற வாரத்தில், மாமியாருக்கென என் சம்பளத்திலிருந்து வேறொரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அதனை ஓர் அபராதமாகவே கருதுகின்றேன்.

செப்டெம்பரில் ஒரு நாள் இரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. விடுமுறை முடியுமுன் பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். அவளே தனியாகச் செய்தாளாம். "அம்மம்மா, எண்ணெய் போட்டுப் பிசறினனான்" என்றாள். பின்பு ஒரு கணம் மௌனம். தொலைபேசியை வாயருகே வைத்து ஒன்றைக் கடித்திருக்கிறாள் போலும்.

மாமியார் காதை நன்றாகப் பொருத்திக்கொண்டு, "இன்னுமொருக்காக் கடி பிள்ளை, சரியாய்க் கேக்கேல்லை" என்றார்.